மேலே பிரபு தூங்குகிறார்

இதை நம்பச் சொல்லி யாரையும் கெஞ்சப் போவதில்லை. எனக்கு அதற்கெல்லாம் தெம்பு இல்லை. ஆனால் நடந்தது நடந்ததுதான். அந்தச் சாயங்காலம் நான் ஒரு வாய்கூடக் குடித்திருக்கவில்லை.

என் பிரபு சர் வாரின், பிரான்சுப் போர்க்களத்தில், செப்டம்பர் மாதம் இறந்தார். வாளால் இல்லை, வயிற்றுக்கடுப்பால். நான்தான் பக்கத்தில் இருந்தேன். உடல் ஊர்வரை தாங்காது. எங்கள் வழக்கப்படி கொப்பரையில் வேகவைத்து, சதையை அங்கேயே புதைத்தோம். எலும்புகளைத் திராட்சை மதுவில் கழுவி, தோல் மூட்டையில் கட்டியவனும் நான்தான். அதனால் அவர் நிஜமாகவே இறந்தாரா என்று என்னிடம் யாரும் கேட்க வேண்டாம்.

நானும் தர்ஸ்டன் என்ற வில்வீரனும் மூட்டையோடு கப்பல் ஏறினோம். பிறகு சேறு, மழை, மறுபடி சேறு. இங்கிலாந்தில், செவர்ன் ஆற்றங்கரையில் இருக்கும் அவருடைய கோட்டையை அடைந்தபோது நவம்பர் வந்துவிட்டது. கோயிலில் மாலை மணி அடித்துக்கொண்டிருந்தது.

"அம்மாகிட்ட நீயே சொல்லிடு ஹேமோ. புள்ளகுட்டி இல்லாதவங்க. நாளைக்கே ஐயாவோட தம்பி வந்து வெளிய போன்னுவான்," என்றான் தர்ஸ்டன்.

கதவைத் திறந்தது வேலையாள் இல்லை. பிரபுவின் மனைவி, சீமாட்டி அவிஸ். எங்களைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தார்.

"மெதுவா. இப்பத்தான் கண் அசந்தாரு."

"யாரும்மா?"

"இதென்ன கேள்வி ஹேமோ? உங்க ஐயாதான். நேத்து இருட்டுற நேரத்துல வந்தாரு. நீங்க பின்னால வர்றதாச் சொன்னாரு."

துக்கத்தில் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்தேன். பாவமாக இருந்தது. ஆனால் பிரபு இறந்ததை அவரிடம் யார் சொன்னார்கள்? யோசிக்கக்கூட முடியவில்லை. நாள் முழுக்க நடந்த அலுப்பு. காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று கூடத்தில் கணப்பு அருகே உட்கார்ந்தேன். மூட்டையை மேலங்கிக்குள் மறைத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் பார்த்தேன். கணப்பு முன்னால் ஒரு ஜோடி பூட்ஸ் காய்ந்துகொண்டிருந்தது. பிரபுவுடையது. அதை நான் பிரான்சிலேயே, வெறுங்காலோடு நின்ற ஒருவனுக்குக் கொடுத்துவிட்டேன்…

மேலே கட்டில் முனகியது.

க்ரீச்…

பிறகு ஓர் இருமல். பக்கத்துக் கூடாரத்தில் இரண்டு வருடம் நான் கேட்ட அதே இருமல்.

"டேய்… மூட்டையைப் பாரு," என்றான் தர்ஸ்டன்.

கட்டு அவிழவில்லை. எலும்புகள் உள்ளேதான் இருந்தன. ஆனால் தோல் வழியாகச் சூடு தெரிந்தது. காய்ச்சல்காரன் உடம்புச் சூடு.

"ஹேமோ…"

மேலிருந்துதான்.



"விளக்கை அணைக்கச் சொல்லுப்பா… தூங்கணும்…"

அதே குரல். அதே களைப்பு.

"இதோ வர்றேன்," என்று சீமாட்டி படியேறினார்.

தாழ்ப்பாள் விழுந்தது.

தர்ஸ்டன் ஓடிவிட்டான். எனக்கு ஓடவும் தெம்பில்லை. மூட்டையைக் கட்டிக்கொண்டு அங்கேயே கண்ணை மூடினேன்…

விடிந்ததும் மேலே போனேன். சீமாட்டி தனியாகக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

"கிளம்பிட்டாரு ஹேமோ. எலும்பை இனிமே புதைச்சிடலாம்."

மூட்டையைப் பற்றி நான் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை.

புதைத்தோம். அடுத்த அறுவடை சமயத்தில் சீமாட்டி ஓர் ஆண்பிள்ளையைப் பெற்றார். கோட்டை தனக்குத்தான் என்று காத்திருந்த பிரபுவின் தம்பி ஆட்களோடு வந்து இறங்கினான். பாதிரியார் முன்னால், சிலுவையைத் தொட்டு, நான் செப்டம்பரில் பார்த்ததையும் சொன்னேன், நவம்பரில் கேட்டதையும் சொன்னேன்.

தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். "செத்தவன் வந்து புள்ள குடுத்தானாம். எந்தக் குதிரைக்காரன்டா அது? நீயா?"

பிரசவம் பார்த்த மருத்துவச்சி கோடித், தொட்டிலில் இருந்து குழந்தையைத் தூக்கிவந்தாள். அதன் வலது கையைப் பிரித்து அவனிடம் காட்டினாள்.

சிரிப்பு நின்றது. அன்றே குதிரை ஏறிப் போனவன் இந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

அவன் போனபின் நானும் அந்தக் கையைப் பார்த்தேன். பிறந்து ஒரு வாரம்கூட ஆகாத பிள்ளை. உள்ளங்கை முழுவதும் காய்த்துப்போயிருந்தது.

காலமெல்லாம் வாள் பிடித்தவன் கை அப்படித்தான் இருக்கும்.