வாங்குகளால் செய்த லோஞ்சு

எட்டாம் வகுப்போடு நின்ற நான் எழுத வந்ததைப் பொறுத்துக்கொள்ளுங்கள். மூதூரில் இரண்டாம் வகுப்பில் எங்கள் ரீச்சர் நாங்கள் இருக்கும் வாங்குகளைச் சேர்த்து, கடலில் ஆட்களை ஏற்றிப்போகும் லோஞ்சு ஒன்று விளையாட்டுக்குச் செய்வார். திருகோணமலைக்கு ஏன் போகிறோம் என்று உரத்துச் சொன்னால்தான் ஏறலாம். வாய் திறக்காத நான் ஒவ்வொரு முறையும் கரையிலேயே நின்றுவிடுவேன்.

ஒருநாள் சுக்கான் பிடித்த பையன், "இந்த ஊமையை விட்டிட்டுப் போவம், ரீச்சர்" என்றான்.

"ஓம், கயிற்றை அவிழுங்கோ" என்றார் ரீச்சர்.

எனக்கு அழுகை வந்தது. "பொறுங்கோ, உம்மா கைப்பிள்ளையோட வாறா" என்று கத்திவிட்டேன். எங்கள் இறங்குதுறையில் அப்படிக் குரல் கேட்டால் எந்த லோஞ்சும் நிற்கும். அவனும் நிறுத்தினான். எல்லோரும் நெருங்கி இருந்து, எனக்கும் வராத உம்மாவுக்கும் இடம் விட்டார்கள்.

மறுநாள் வாங்குகள் பழையபடி வரிசையாகக் கிடந்தன. கணக்குப் பாடம் நடந்தது.