அம்மாவுக்கு மூன்றாம் பக்கம்

அண்ணன் ஆடிய விளையாட்டில் படமே கிடையாது. எல்லாம் எழுத்துதான். 'வடக்கே போ' என்று அடித்தால், வந்து சேர்ந்த இடமும் அங்கே நிற்கிறவர்களும் வரி வரியாக வரும். ஓசூரில் கம்பெனி பஸ் ஏறியதும் போனில் ஆரம்பித்துவிடுவான். அவனோடு ஒரே லைனில் வேலை பார்த்த கன்னடக்கார அண்ணன்தான் அதை நடத்துகிறார். ஆடுகிறவர்களும் ஷிஃப்ட் ஆட்கள்.

அண்ணன் காமாலையில் போய்விட்டான். கொஞ்ச நாள் கழித்து அந்தக் கன்னடக்கார அண்ணன் போனில் கூப்பிட்டார்.

"அவன் ஆட்டத்துக்குள்ள பேசினதெல்லாம் இருக்குது. ஒரு புஸ்தகமா பண்ணி, விளையாட்டுல இருக்கிற டீக்கடையில வெச்சிடு."

"நான் ஒன்பதாவது வரைக்கும்தாண்ணா படிச்சேன்."

"கம்பெனி மெஷின்ல ப்ரோக்ராம் மாத்தறியே, வா."

அவர் சொல்லச் சொல்ல அடித்தேன். 'படி' என்றால் ஒரு பக்கம் வரும், 'திருப்பு' என்றால் அடுத்தது.

அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. ஏ ஷிஃப்ட் முடிந்து வந்து, சாப்பிட்டபின் நான் வாசிப்பேன்.

"ஒரு நாளைக்கு ஒண்ணு போதும். சீக்கிரம் தீத்துடாத" என்றாள்.

இரண்டு பக்கம் ஆனது; மூன்றாவதுக்குத் திருப்பி வைத்திருந்தேன். அடுத்த நாள் 'படி' என்று அடித்தேன். வந்த வரியை யோசிக்காமல் வாசித்துவிட்டேன்.

"கேட் வந்துடுச்சு. எறங்கறேன்."

பஸ் கம்பெனிக்குள் நுழையும்போது அண்ணன் தினமும் அடிப்பது. அதைத்தான் கடைசிப் பக்கமாக வைத்திருந்தேன்.

"அதுக்குள்ள எறங்கிட்டானா?" என்றாள் அம்மா. எழுந்து போய், காயாத துணிகளைக் கொடியிலிருந்து எடுக்க ஆரம்பித்தாள்.

கன்னடக்கார அண்ணனைக் கூப்பிட்டேன். நான் அடித்திருந்ததைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"ஏனு மகா, என்னடா தம்பி, ஒருத்தன் விட்ட எடத்துலருந்தே அடுத்தவன் படிக்கணுமா? இதென்ன பி ஷிஃப்டா?"

எங்களுக்கு அதுதான் பழக்கம். முந்தின ஷிஃப்ட் ஆள் பாதியில் விட்டுப்போன ஜாபை அடுத்த ஆள் அப்படியே தொடர்வான். நானும் பக்க எண்ணை எல்லோருக்கும் பொதுவாகப் புத்தகத்திலேயே வைத்துவிட்டேன். வேறு யாரோ டீக்கடையில் கடைசிவரை திருப்பியிருக்கிறார்கள். படிக்கிற ஒவ்வொருவருக்கும் தனி எண் இருந்திருக்க வேண்டும்.

"அம்மா கடைசிப் பக்கத்த கேட்டுட்டாங்கண்ணா."

சிரிப்பு நின்றது. "இப்பவே மாத்து. லைன்லயே இருக்கேன்."

மறுநாள் அம்மா கேட்க வரவில்லை. "வேணாம்டா. அவன்தான் எறங்கிட்டானே."

"இல்லம்மா. அது வேற யாரோ திருப்பினது. உனக்கு மூணாவதுதான். இன்னும் பஸ்லதான் இருக்கான்."

கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். வாசித்தேன்.

"டேய், டிராகன்கிட்ட போறதும் சூப்பர்வைசர்கிட்ட லீவு கேக்கறதும் ஒண்ணு. மொதல்ல கதவு எங்க இருக்குன்னு பாத்துக்கோ."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இவன் வாய் இருக்கே!" என்றாள். அடுத்ததற்கு என் விரல் போனது.

"போதும், மூடு."

விளையாட்டின் டீக்கடையில் அப்போது நாலு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். அதில் யாராவது கடைசிப் பக்கத்தில் இருந்திருக்கலாம். அம்மாவுடையது மூன்றில் நின்றது.