சொந்தக்காரர் எழும்பலாம்

தோற்றுப்போய்த் திரும்பும் பஸ்ஸில் ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள் என்று நினைப்பவர்களுக்கு வல்வெட்டித்துறையைத் தெரியாது. வென்றால்தான் நாங்கள் மைதானத்திலேயே கத்தித் தொண்டையை அடைத்துக்கொண்டு, பேச்சு மூச்சில்லாமல் வீடு போய்ச் சேருவோம். தோற்றால் பஸ் யாழ்ப்பாணத்தில் வெளிக்கிட முதலே கதை தொடங்கிவிடும். பதினொரு பேரையும் ஒவ்வொருவராக எடுத்து, செதில் உரித்து, குடல் எடுத்து, உப்பும் போட்டு முடித்துத்தான் இறங்குவோம்.

சும்மா விளையாடும் பெடியள் என்றால் இப்படிச் செய்யமாட்டோம். இது சம்பளம் வாங்கி விளையாடுகிறவர்களின் உதைபந்தாட்டப் போட்டித்தொடர். அணிக்கு முதல் போடுகிறவர்களில் பாதிப்பேர் கனடாவிலும் லண்டனிலும் இருக்கிறார்கள். ஆட்டத்தை அவர்கள் ஃபோனில் பார்த்துவிடுவார்கள். ஆனால் எங்கள் பஸ்ஸில் என்ன சொன்னோம் என்று கேட்காவிட்டால் அவர்களுக்குச் சோறு இறங்காது. ஆகவே பஸ்ஸில் நடக்கும் விசாரணை முழுவதும் குரல்பதிவாகி வட்ஸ்அப்பில் போகும். விசாரணையை நடத்துகிறவர் வள்ளங்களின் இஞ்சின் திருத்தும் அண்ணை ஒருவர். அவருடைய ஒரு பகிடிக்கு முழு பஸ்ஸும் சிரிப்பில் குலுங்கும். ஒவ்வொரு ஆட்டக்காரனுக்கும் பத்துக்கு எத்தனை என்று கொப்பியில் எழுதுவது என் வேலை. நான் கணக்குப் படிப்பிக்கிறவள். புள்ளி போடுவதில் இரக்கமில்லாதவள் என்று பெயர் எடுத்திருந்தேன். அந்தப் பெயரில் எனக்குப் பெருமையும் இருந்தது.

இந்த விசாரணைக்கு ஒரேயொரு விதி உண்டு. ஒருவனின் முறை வரும்போது, "சொந்தக்காரர் எழும்பலாம்" என்று இஞ்சின் அண்ணை சத்தமாகச் சொல்வார். அவனுடைய சொந்தக்காரர் எல்லோரும் எழும்பி முன்னுக்குப் போய் சாரதியின் பக்கத்தில் நிற்கவேண்டும். சாரதி பாட்டின் சத்தத்தைக் கூட்டிவிடுவார். தீர்ப்பு முடிந்ததும் பாட்டைக் குறைப்பார், அவர்கள் திரும்பி வந்து இருப்பார்கள். எங்கள் ஊரில் யார் யாருக்குச் சொந்தமில்லை? அணியில் இடதுபக்கத்துப் பின்வரிசையில் விளையாடுகிறவனின் முறை வந்தால் பஸ்ஸில் கால்வாசி எழும்பும். ஒருமுறை சாரதியே, "எனக்கும் உவன் மருமோன் முறைதான், நான் எங்கை எழும்பிறது?" என்று கேட்டார். சொந்தக்காரர் இருந்தால் புள்ளியைக் கூட்டிப் போடுவிப்பார்கள், அதற்காகத்தான் விதி என்று எல்லோரும் நினைத்திருந்தோம். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

எங்கள் அணியின் கீப்பர் என் தம்பி. என்னைவிட ஒன்பது வயது இளையவன். அம்மா போகும்போது அவன் பள்ளிக்கூடத்துப் பிள்ளை. அதற்குப் பிறகு அவன் சட்டையைத் தோய்த்ததும் றிப்போட்டில் கையெழுத்து வைத்ததும் நான்தான். இப்போது அவனுக்கு முப்பத்திரண்டு. கலியாணம் கட்டித் தொண்டைமானாற்றில் மனைவி வீட்டில் இருக்கிறான், மோட்டார் சைக்கிள் உதிரிப்பாகக் கடையில் வேலை. இன்னும் இரண்டு மூன்று வருடம் விளையாடலாம். அதற்கு மேல் முழங்கால் விடாது என்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அந்த இரண்டு மூன்று வருடமும் அவன் அந்தக் கம்பங்களுக்கு நடுவில் நிற்கவேண்டும் என்பதுதான் என் ஆசை. எனக்கென்று வேறு பெரிய ஆசைகள் இருந்ததாக ஞாபகமில்லை.

அவன் முறை வரும்போது நான் வழக்கமாகக் கொப்பியை இஞ்சின் அண்ணையிடம் கொடுத்துவிட்டு முன்னுக்குப் போய்விடுவேன். கடைசியில் என்ன போட்டார்கள் என்று எட்டிப் பார்ப்பேன். அநேகமாக ஏழு இருக்கும். அரையிறுதிக்கு முந்திய லீக் ஆட்டத்தில் தோற்றுத் திரும்பும்போது பின்னுக்கிருந்து யாரோ, "ரீச்சரின்ரை தம்பிக்கு எப்பவும் ஏழு, பெயிலாக்க ஏலுமே" என்றார்கள். சிரிப்பும் கேட்டது. எனக்கு அது சுருக்கென்று ஏறிவிட்டது. பதினெட்டு வருடமாகப் புள்ளி போடுகிறேன், ஒரு பிள்ளைக்கு அரைப் புள்ளி சும்மா கொடுத்ததில்லை. என்னைப் பார்த்தா இந்தக் கதை?

அரையிறுதி யாழ்ப்பாணத்தில் நடந்தது. முதல் பாதியில் தம்பி இரண்டு பந்தைப் பறந்து பிடித்தான். அதில் ஒன்று கோல் என்று எதிரணி ரசிகர்கள் எழும்பித் துள்ளியும் விட்டார்கள். இரண்டாம் பாதியில், முடிய இன்னும் ஏழெட்டு நிமிடம் இருக்கும், எங்கள் பின்வரிசைக்காரன் ஒரு பந்தை அவனிடம் திருப்பி உருட்டினான். என் வகுப்பில் கடைசி வாங்கில் இருக்கும் பிள்ளைகூட நிறுத்தியிருக்கும். தம்பி காலைத் தூக்கினான். பந்து காலுக்குக் கீழே போனது. அவன் திரும்பி ஓடிப் பாய்ந்தபோது அது கோட்டைத் தாண்டிவிட்டது. ஒன்றுக்குப் பூச்சியம். ஆட்டம் முடிந்தபோது அவன் முகத்தைச் சேர்ட்டால் மூடிக்கொண்டு நிலத்தில் இருந்தான். எனக்கு இரக்கம் வரவில்லை, கோபம்தான் வந்தது.

பஸ் கோப்பாயைத் தாண்டியபோது நாலு பேரின் கணக்கு முடிந்திருந்தது. கொழும்பிலிருந்து வந்து நடுவில் விளையாடிய ஆட்டக்காரருக்கு எட்டு. "எங்கடை பெடியளுக்குப் பந்தைக் குடுத்துக் குடுத்தே மனிசன் களைச்சுப் போனார்" என்றார் இஞ்சின் அண்ணை. முன்வரிசைக்காரனுக்கு மூன்று. அவன் அடித்த பந்துகளைத் தேடிக் கொண்டுவரவே இரண்டு பேர் வேண்டும் என்று யாரோ சொன்னார்கள். பிறகு கீப்பரின் முறை வந்தது.

"சொந்தக்காரர் எழும்பலாம்."

தம்பியின் மச்சான்மார் இரண்டு பேர் எழும்பினார்கள். எங்கள் சித்தப்பா எழும்பினார். சாரதி பாட்டைக் கூட்டினார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் கொப்பியை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தேன்.

"ரீச்சர்?" என்றார் இஞ்சின் அண்ணை.

"நான் இருக்கிறன். மற்ற ஆக்களைப் போலத்தான் உவனும். கதையுங்கோ."

அவர் தலையைச் சொறிந்தார். முதல் பாதியில் இரண்டு நல்ல பந்து பிடித்தவன்தானே, நாலு போடலாம் என்றார். நான் இரண்டு என்றேன். பின்னுக்கிருந்து ஒரு குரல், "பாவம் ரீச்சர், ரெண்டு கூடாது" என்றது. எனக்கு அந்த இரக்கமும் பிடிக்கவில்லை. கரும்பலகைக்கு முன் நின்று விளக்குவதுபோல விளக்கத் தொடங்கினேன்.

"உது கால் வழுக்கின பிழையில்லை, பயம். உவன் சின்னனிலையிருந்தே பயந்தவன். மட்ச் அண்டு விடிய சத்தி எடுக்கிறவன். இண்டைக்கும் எடுத்தவன்."

ஆட்ட நாள் விடியலில் அவன் வாந்தி எடுக்கும் விஷயம் என்னையும் அவனையும் தவிர உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. அவன் மனைவிக்குக்கூடத் தெரியாது. ஆட்ட நாட்களில் விடியவே என் வீட்டுக்கு வந்து போவான். அக்காவிடம் ஆசீர்வாதம் வாங்கப் போகிறான் என்று அந்தப் பிள்ளை நினைத்திருந்தாள்.

பிறகு இஞ்சின் அண்ணை சொன்னார்: "அடக் கடவுளே, இதை முந்தியே சொல்லியிருக்கக்கூடாதே? கையிலை ஒரு வாளியைக் குடுத்து விட்டிருக்கலாம். பந்தையும் அதுக்கை பிடிச்சிருப்பான்."

பஸ் குலுங்கியது. நானும் சிரித்தேன். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன் என்று சொன்னால் பொய். வாய்விட்டுத்தான் சிரித்தேன். எவ்வளவு நேர்மையானவள் என்று காட்டிவிட்ட திருப்தியும் அந்தச் சிரிப்பில் இருந்தது. சாரதியின் பக்கத்தில் நின்ற சித்தப்பா, என்ன பகிடி என்று தெரியாமல் திரும்பிப் பார்த்துத் தானும் சிரித்தார். கொப்பியில் இரண்டு என்று எழுதி, கீழே கோடும் போட்டேன். அச்சுவேலியில் பஸ் நின்றபோது இஞ்சின் அண்ணை குரல்பதிவை அனுப்பினார். அவர் அனுப்புவதை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அதில் என்ன இருக்கிறது என்று எனக்கு உறைக்கவேயில்லை.

அடுத்த கிழமை மூன்றாம் இடத்துக்கான ஆட்டம். அன்று விடிய அவன் வரவில்லை. நான் கேற்றைத் திறந்து வைத்துவிட்டு ஏழு மணி வரை பார்த்தேன். தொண்டைமானாற்றிலிருந்து நேரே போயிருப்பான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். குரல்பதிவு அதற்குள் ஊர் ஊராகச் சுற்றிவிட்டது என்று எனக்குத் தெரியாது. இஞ்சின் அண்ணைக்கும் தெரியாது என்றுதான் பிறகு சத்தியம் பண்ணினார்.

ஆட்டம் தொடங்கிச் சில நிமிடங்களில் எதிரணி ரசிகர்கள் நாலைந்து பேர் தம்பியின் கோலுக்குப் பின்னால் வந்து நின்றார்கள். கையில் நீல பிளாஸ்டிக் வாளி. ஒன்றை வலைக்குப் பின்னால் நிலத்தில் வைத்தார்கள். பிறகு இன்னும் நாலு. பந்து அவன் பக்கம் போகும் ஒவ்வொரு முறையும் வாளியில் தட்டி, சத்தி எடுப்பதுபோலச் சத்தம் போட்டார்கள். மைதானம் முழுக்கச் சிரிப்பு. எங்கள் ஆட்கள் சிரிக்கவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. எனக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் எல்லோரும் நேரே முன்னுக்குப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சீமெந்துப் படியிலேயே செத்துப்போனால் நல்லது என்று இருந்தது.

அவன் அன்று விளையாடியதைப்போல ஒருநாளும் விளையாடியதில்லை. மூன்று பந்தை விரல் நுனியால் தட்டிவிட்டான். கடைசி நேரத்தில் எதிரணிக்கு ஒரு பெனால்டி கிடைத்தது. வாளிகள் எல்லாம் ஒன்றாக அடித்தன. அவன் இடது பக்கம் பாய்ந்து பந்தை நெஞ்சோடு அணைத்துப் பிடித்தான். கையை உயர்த்தவில்லை, கத்தவில்லை. பிறகு ஒருமுறை வெளியே போன பந்தை எடுக்கப் பின்னால் போனவன், பாதையில் கிடந்த ஒரு வாளியைக் கையால் எடுத்து ஓரமாக வைத்துவிட்டு வந்தான். யாரோ வீட்டு முற்றத்தில் கிடந்த சாமானை ஒதுக்குவதுபோல வைத்தான். நாங்கள் ஒன்றுக்குப் பூச்சியம் வென்றோம்.

திரும்பும் பஸ்ஸில், வென்றும்கூட, விசாரணை நடந்தது. சொந்தக்காரர் எழும்பலாம் என்று சொல்ல முதலே நான் எழும்பி முன்னுக்குப் போய்விட்டேன். சாரதி பாட்டைக் கூட்டினார். பின்னுக்கு அவர்கள் என்ன கதைத்தார்கள் என்று கேட்கவில்லை. அங்கே கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போதுதான் அந்த விதி எதற்கு என்று எனக்கு விளங்கியது. சொந்தக்காரருக்கு ஒருவனைப் பற்றித் தெரிந்தது அதிகம். கோபம் வந்தால் அவர்கள் வாயிலிருந்து என்ன வரும் என்று சொல்லமுடியாது. எங்களைத் தள்ளி நிற்பாட்டியது எங்களிடமிருந்து அவனைக் காப்பாற்றத்தான். கணக்குப் படிப்பிக்கிறவளுக்கு இது விளங்க இவ்வளவு காலம் எடுத்தது.

இஞ்சின் அண்ணை கொப்பியைக் கொண்டுவந்து நீட்டினார். "ஒம்பதரை, ரீச்சர். ஆருக்கும் இதுவரை குடுக்காதது. எழுதுங்கோ."

"நீங்களே எழுதுங்கோ அண்ணை" என்றேன். அதோடு கொப்பி அவரிடமே இருக்கிறது.

தொடர் முடிந்து ஒரு மாதத்தில், அடுத்த வருடத்துக்கும் அவனையே கீப்பராக நிற்கச் சொல்லி அணியிலிருந்து கேட்டிருக்கிறார்கள். அவன் மாட்டேன் என்றுவிட்டான். காரணம் சொல்லவில்லை. முகாமையாளர் எனக்கு ஃபோன் எடுத்து, "நீங்கள் சொன்னால் கேப்பான்" என்றார். அவருக்கு என்ன தெரியும்? இருந்தாலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை தொண்டைமானாற்றுக்குப் போனேன். அந்த அரையிறுதிக்குப் பிறகு அவன் என் வீட்டுக் கேற்றைத் திறக்கவேயில்லை.

தம்பி முற்றத்தில் மோட்டார் சைக்கிள் கழுவிக்கொண்டிருந்தான். "வா அக்கா" என்றான். குரலில் கோபம் ஒன்றும் இல்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. அவன் மனைவி தேத்தண்ணி வைக்க உள்ளே போனாள்.

"ஏன் வேண்டாம் எண்டனீ?" என்று கேட்டேன்.

"காணும் அக்கா, விளையாடினது போதும்."

"முப்பத்திரண்டிலை என்ன காணும்? நான் விசரிலை சொல்லிப்போட்டன். பிழைதான். உன்ரை காலிலை விழச் சொன்னாலும் விழுறன்."

"விசர்க்கதை கதையாதை. நீ போட்ட ரெண்டு சரிதான். நானெண்டாலும் ரெண்டுதான் போட்டிருப்பன்."

"உந்த வாளிக்காரரை நினைக்கிறியோ? இன்னும் ரெண்டு மட்சிலை மறந்துபோடுவாங்கள்."

"வாளி என்னை ஒண்டும் செய்யேல்லை. பாத்தனீதானே, அண்டைக்கு எப்பிடி விளையாடினனான் எண்டு."

"பின்னை என்னடா?"

அவன் தண்ணிப் பைப்பைப் பூட்டினான். ஈரக்கையை உடுத்திருந்த சாரத்தில் துடைத்துக்கொண்டு உள்ளே ஒருமுறை பார்த்தான், மனைவிக்குக் கேட்கிறதோ என்று. பிறகு மெதுவாகச் சொன்னான்:

"அண்டைக்கு விடிய கடற்கரையிலை, வள்ளத்துக்குப் பின்னாலை குந்தியிருந்து தனியத்தான் சத்தி எடுத்தனான். எத்தினை வருசம் அக்கா, நீதானே என்ரை நெத்தியைப் பிடிச்சுக்கொண்டு நிண்டனீ. அண்டைக்குப் பிடிக்க ஒருத்தரும் இல்லை. இன்னொருக்கா என்னாலை அப்பிடி ஏலாது."