அப்பா பெயர் இருந்த பாட்டு

மூன்று வருடங்களுக்கு முன்பு, பொங்கல் முடிந்து வந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், அம்பத்தூர் பக்கம் ஒரு மைதானத்தில் நடந்தது இது. நான் அப்போது பதினொன்றாம் வகுப்பு. எங்கள் தெருப் பையன்களின் கானா குழு போட்டியில் பாடுகிறது, போய்க் கத்த வேண்டும் என்று கிளம்பிய கூட்டத்தில் நானும் ஒருத்தி. கத்துவதில் என்னை மிஞ்ச அன்று எங்கள் தெருவில் ஆள் கிடையாது.

குழுவில் நான்கு பேர். பாடுகிற அண்ணன் பகலில் ஷேர் ஆட்டோ ஓட்டுவார். மற்றவர்களுக்கு அம்பத்தூர் எஸ்டேட் கம்பெனிகளில் வேலை. ஒருவர் டோலக், ஒருவர் கீபோர்டு, நான்காவது ஆள் கையில் எது கிடைத்தாலும் தட்டுவார். மண்ணூர்பேட்டையில் எங்கள் தெருவைத் தாண்டினால் அவர்களை யாருக்கும் தெரியாது. எங்களுக்கோ அவர்களை விட்டால் வேறு ஸ்டார் இல்லை.

எங்கள் பக்கம் சாவு வீட்டில் கானா பாடுவது வழக்கம். இறந்தவரின் பெயரையும் அவர் வாழ்ந்த விதத்தையும் வைத்து அங்கேயே உட்கார்ந்து பாட்டுக் கட்டுவார்கள். போட்டிக்கு முந்தைய வருடம் என் அப்பா இறந்தார். இரும்புத் தகடு அடிக்கிற பிரஸ் ஷாப்பில் வேலை செய்தவர். ஷிஃப்டுக்குப் போன இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை. அன்று அந்த அண்ணன் என் பக்கத்தில் வந்து குந்திக்கொண்டு, "உங்க நைனா பத்தி எதுனா சொல்லு பாப்பா" என்று கேட்டார். எனக்கு ஒன்றும் ஓடவில்லை. "அவரு டிபன் பாக்ஸ நான்தான் கழுவி வப்பேன்" என்றேன். கொஞ்ச நேரத்தில் அதுவே பாட்டாக வந்தது.

"டிபன் பாக்ஸ கழுவி வச்சுகீது உம் புள்ள
தூக்கினு போக நீ இன்னும் வர்ல..."

இந்த இடத்தில் அண்ணன் நிறுத்துவார். சுற்றி இருப்பவர்கள் எல்லாரும் சேர்ந்து அப்பாவின் பெயரைச் சொல்லி, "அண்ணே!" என்று கூப்பிட வேண்டும். உயிரோடு இருந்தவரை அப்பாவை அவ்வளவு சத்தமாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது ரேஷன் கடைக்காரர் ஒருவர்தான். செத்த பிறகு தெருவே கூப்பிட்டது. அம்மா அதற்குத்தான் முதன்முதலாக வாய்விட்டு அழுதாள்.

அந்தப் பாட்டு தெருவுக்குப் பிடித்துப் போய்விட்டது. ஞாயிறுதோறும் தண்ணீர் டேங்க் பக்கத்தில் பிராக்டிஸ் செய்யும்போது அதைப் பாடாமல் முடிக்க விடமாட்டோம். ஒவ்வொரு வாரமும் போய் முன்னால் உட்கார்ந்துகொள்வேன். சாவு வீட்டில் செல்போனை நீட்டக் கூடாது என்று சித்தப்பா சொல்லிவிட்டதால் அன்று யாரும் பதிவு செய்யவில்லை. அப்புறமும் தோன்றவில்லை. வாரா வாரம் நேரிலேயே கேட்பதை எதற்குப் பிடித்து வைப்பார்கள்?

போட்டி வந்தபோதுதான் எனக்கு ஆசை வந்தது. அந்தப் பக்கத்தில் பெரிய கம்பெனி வைத்திருப்பவர் ஒருவர், காலமான தன் அப்பாவின் நினைவாக நடத்திய போட்டி அது. ஜெயிக்கிற குழுவின் பாட்டை ஸ்டுடியோவில் பதிவு செய்து வெளியிடுவார்கள் என்று சொன்னார்கள். அப்பாவின் பாட்டைத்தான் பாடப் போகிறோம் என்றார் அண்ணன். அவ்வளவுதான், எனக்குத் தூக்கம் போய்விட்டது. அப்பா பெயர் செல்போனில், ஆட்டோவில், டீக்கடையில் எல்லாம் ஒலிக்கும் என்று கண்ணை மூடினால் தெரிந்தது.

ஒரு பழைய பெட்ஷீட்டில் குழுவின் பெயரை எழுதிக்கொண்டோம். குட்டி யானை வண்டியில் தெருவே ஏறியது. அம்மா வரவில்லை. வாசலில் நின்று, "சும்மா கத்தி தொண்டைய கெட்த்துக்காதடி. அவரு பாட்டு வர்ற சொல்லோ மட்டும் நல்லா கத்து" என்றாள்.

மைதானத்தில் கம்பெனி முதலாளியின் அப்பாவான அந்தப் பெரியவருக்கு சீரியல் பல்பு சுற்றிய கட்-அவுட். மேடை உயரத்துக்கு நின்றார். எங்களுக்கு முன்னால் நசரத்பேட்டைக் குழு பாடியது. அதற்கு முன் ஆவடி காலேஜ் பையன்கள் பெரிய டிரம்ஸ் எல்லாம் வைத்து மைதானத்தையே அதிர வைத்தார்கள். எங்கள் ஆட்கள் ஏறியதும் பெட்ஷீட்டைத் தூக்கிப் பிடித்து, பக்கத்தில் நின்ற ஒரு மாமா காதைப் பொத்திக்கொள்ளும் அளவுக்குக் கத்தினேன்.

அண்ணன் மைக்கைப் பிடித்தார். கட்-அவுட்டைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். டோலக் ஆரம்பித்தது. அதே மெட்டு. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அப்புறம் வரி வந்தது.

"கார் சாவிய எடுத்து வச்சுகீது உம் புள்ள
ஓட்டினு போக நீ இன்னும் வர்ல..."

நிறுத்தினார். அந்தப் பெரியவரின் பெயரைச் சொன்னார். பின்னாலேயே "ஐயா!"

எனக்கு முதலில் புரியவில்லை. ஏதோ மரியாதைக்கு ஒரு தடவை அப்படிப் பாடுகிறார், அடுத்த தடவை நம்முடையது வரும் என்று நினைத்தேன், பைத்தியக்காரி மாதிரி. அடுத்த தடவை அந்த இடத்தில் மைக்கைக் கூட்டத்துப் பக்கம் திருப்பினார். நான் அடிவயிற்றிலிருந்து என் அப்பா பெயரைக் கத்தினேன். என் தெரு மொத்தமும் அந்தப் பெரியவர் பெயரைக் கத்தியது. அப்பாவை எடுத்துப் போனபோது தோள் கொடுத்தவர்கள்தான் எல்லாரும்.

பக்கத்தில் நின்ற என் தோழி என் தோளைப் பிடித்து உலுக்கினாள். சின்ன வயதிலிருந்து ஒன்றாகப் படித்தவள். "ஏய், பேர மாத்திட்டாங்கடி. அத கத்து. ஜெயிக்கணும்ல?" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. நான் வரியை மறந்துவிட்டேன் என்று நினைத்து எடுத்துக் கொடுத்தாள்.

அதற்குப் பிறகு நான் கத்தவில்லை. மேடைக்கு முன்னால் சோபாவில் உட்கார்ந்திருந்த முதலாளி கர்ச்சீப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவருக்கும் அப்பா போன துக்கம்தான், அதைப் பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அது என் அழுகை. அதை நான் குந்தியிருந்த இடத்திலிருந்து எடுத்துக்கொண்டு போய் அவர் மடியில் வைத்துவிட்டார்கள். பாட்டில் மாறாமல் இருந்தது 'புள்ள' என்கிற சொல் ஒன்றுதான். அந்தப் பிள்ளை இப்போது நான் இல்லை.

யார் ஜெயித்தார்கள் என்று சொல்லவும் வேண்டுமா? முதலாளியே மேடையேறி அண்ணனைக் கட்டிப்பிடித்துக் கோப்பையைக் கொடுத்தார். எங்கள் தெரு ஆட்கள் அண்ணனைத் தோளில் தூக்கி வைத்து ஆடினார்கள். கூட்டம் கொஞ்சம் விலகிய பிறகு மேடைக்குப் பின்னால் போய் அவரைப் பிடித்தேன்.

"அண்ணா, அது எங்க அப்பா பாட்டு."

அவர் முகத்தில் இருந்த சிரிப்பு போகவில்லை, கொஞ்சம் சுருங்கியது. "இன்னா பாப்பா இப்டி கேக்குற? அவுங்க அப்பா பேர்ல நடத்துறாங்கோ. உங்க நைனா பேரு அங்க குந்திகினு இருக்கறவனுக்குத் தெரியுமா, நீயே சொல்லு" என்றார். பிறகு என் தலையில் கை வைத்து, "பாட்டு எங்க பூடப் போவுது? நம்ம ஏரியால பழையபடி பாடிக்கலாம்மா" என்றார்.

அவர் கேட்டது நியாயம் மாதிரியே இருந்தது, அதுதான் இன்னும் எரிகிறது. அப்பா பெயர் யாருக்கும் தெரியாது என்பதால்தானே அந்தப் பாட்டு வேண்டியிருந்தது?

வீட்டுக்கு வந்ததும் அம்மா, "பாடுனாங்களாடி?" என்று கேட்டாள். "பாடுனாங்கம்மா, ஜெயிச்சிட்டாங்க" என்றேன். அவள் போட்டோவில் இருந்த அப்பாவைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரித்தாள். அவள் தட்டில் போட்ட சோற்றைச் சாப்பிட்டேன்.

அடுத்த ஞாயிறு டேங்க் பக்கம் போனேன். அண்ணன் என்னைப் பார்த்தார். பழைய வரியைத் தொடங்கவும் செய்தார். நாலு பக்கமும் பையன்கள், "அண்ணாத்தே, ஜெயிச்ச பாட்ட பாடுங்க!" என்று சத்தம் போட்டார்கள். அவர் என்னைப் பார்ப்பதை விட்டுவிட்டு கார் சாவியைப் பாட ஆரம்பித்தார். நான் பாவாடையைத் தட்டிக்கொண்டு எழுந்து வந்தேன். அதற்குப் பிறகு அங்கே போகவே இல்லை.

சொன்ன மாதிரியே பாட்டு வெளிவந்தது. ஊரெல்லாம் ஓடியது. ஒரு நாள் அம்மாவும் நானும் ஐயப்பன்தாங்கல் போவதற்காக பஸ் ஸ்டாப்பில் நின்றிருந்தோம். ஓரமாக நின்ற ஆட்டோவில் அது ஒலித்தது. அம்மா மெட்டைக் கேட்டதும் நிமிர்ந்தாள். கார் சாவி வந்தது, பெயர் வந்தது, ஐயா வந்தது. நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பாட்டு முடிகிற வரை நின்றிருந்துவிட்டு, "பஸ் வருது பாரு" என்றாள்.

அந்த அண்ணன் இப்போது பெரிய மேடைகளில் பாடுகிறார். நன்றாக இருக்கட்டும்; சாபம் விட எனக்கு மனசு வரவில்லை, வாழ்த்தவும் வரவில்லை. எங்கேயாவது ஒரு பாட்டுக்குக் கூட்டமே எழுந்து கைதட்டினால், நான் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு, இது முதலில் யார் வீட்டு அழுகையாக இருந்ததோ அந்த ஆள் இந்தக் கூட்டத்தில் எங்கேயாவது வாயை மூடிக்கொண்டு நிற்கிறாரா என்று தேடிப் பார்ப்பேன்.