துர்கா மூடிய தறி

என் மனைவி துர்காவைப் பற்றி நான் பேச ஆரம்பித்தால் ஆரணியில் பாதிப் பேர் எழுந்து போய்விடுவார்கள். போகட்டும். இதைச் சொல்லாமல் விடமாட்டேன்.

2007-இல் நான் பலராமன் முதலாளியின் தறிக்கூடத்தில் நெய்துகொண்டிருந்தேன். துர்கா பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பிரவுசிங் சென்டரைப் பார்த்துக்கொண்டாள். நானே வரைந்த நெல்கதிர் முந்தானை அந்த வருடம்தான் தறி ஏறியது. புது டிசைன் என்றால், முதல் சேலையை அறுத்து எடுக்கும்வரை வெளியாள் கண்ணில் காட்டமாட்டோம். யாராவது வந்தால் தறிமேல் வேட்டியைப் போர்த்திவிடுவோம். வெளியே தெரிந்தால் பவர்லூம்காரர்கள் அதையே நெய்து நமக்கு முன்பே கடைக்கு அனுப்பிவிடுவார்கள். என் பேர் சொல்ல எனக்கு இருந்தது அந்த ஒரு டிசைன்தான்.

பெங்களூர்க் கடையில் இருந்தபடியே வேலையைப் பார்க்க, முதலாளி தறிக்கு மேலே இன்டர்நெட் கேமரா மாட்டினார். பாஸ்வேர்டு மறந்துபோகும், வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

துர்காவுக்கு மனசு கேட்கவில்லை. கேமரா படம் வரும் இன்டர்நெட் பக்கத்தின் தலைப்பில் இருந்த வார்த்தைகளை சென்டரில் உட்கார்ந்து தேடிப் பார்த்தாள். இதே மாதிரி பாஸ்வேர்டு இல்லாத கேமராக்களின் படங்கள், எந்த ஊர்க் கார் நிறுத்தங்களோ வந்தன. அவற்றுக்கு நடுவே நான், முதுகைச் சொறிந்துகொண்டு. எனக்கு முன்னால் முந்தானை பளிச்சென்று தெரிந்தது.

சென்டரைப் பூட்டிவிட்டு ஓடிவந்தவள், முதலில் வேட்டியை எடுத்துத் தறியைப் போர்த்தினாள். உடனே பெங்களூரிலிருந்து போன். படம் மறைந்த கோபத்தில் முதலாளி கத்தினார்.

"மொதலாளி, பக்கத்து வூட்டுக்காரர் வந்தா தறிய மூடச் சொல்றீங்க. இங்க ஊரு ஒலகமே கூரைல உக்காந்து பாத்துகினு இருக்குது. நீங்களே தேடிப் பாருங்க."

அவள் சொன்னபடி தேடியவருக்கு, பாஸ்வேர்டு எதுவும் கேட்காமலே அந்த வேட்டி தெரிந்தது. உடனே பாஸ்வேர்டு போட்டுவிடச் சொன்னார்.

துர்கா பாஸ்வேர்டு போட்டாள். தேடல் கம்பெனிக்கு எழுதி அந்தப் பக்கத்தைப் பட்டியலிலிருந்தே எடுக்க வைத்தாள். ஆனால் அதற்குள் யாராவது பார்த்திருந்தால்? முகூர்த்த நாட்கள் வரும்வரை கடை கடையாக எட்டிப் பார்த்தேன். எங்கேயும் நெல்கதிர் இல்லை.

முதல் சேலையை முதலாளி வீட்டம்மா கட்டுவதுதான் வழக்கம். அந்த முறை அபிதகுசாம்பாள் அம்மா அதைத் தாம்பாளத்தில் வைத்து எங்கள் வீட்டுக்கே கொண்டுவந்தார்.

"நீ கட்டு துர்கா. நீ மூடி வச்சதால தானே இது நம்மளுதா இருக்குது."

அவள் அதைக் கட்டிக்கொண்டு தறிக்கூடத்துக்கு வந்தாள். எல்லாரும் என் முந்தானையைப் பார்த்தார்கள். நெய்தவன் நான், பெருமையில் எனக்குக் கண் கலங்கியது அவளைப் பார்த்துத்தான். அவளோ தலையைத் தூக்கிக் கேமராவைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.