வளைகாப்பு மேடையில் காய்ச்சல்

ஃப்ளூவைச் சாதாரணக் காய்ச்சல் என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றும் கோபம் வரும். மேற்கு மாம்பலத்தில் கிளினிக் வைத்திருக்கும் குடும்ப டாக்டர் நான். ஐப்பசி மழை பிடித்துவிட்டால் இருமலும் சளியுமாகத்தான் வாசல் நிறையும். பெரும்பாலானவர்களிடம் ஓய்வெடுங்கள், கஞ்சி குடியுங்கள், நாலு பேர் கூடுகிற இடத்துக்குப் போகாதீர்கள் என்று சொல்லி அனுப்பிவிடுவேன். ஊசி போடவில்லை என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு போவார்கள். போகட்டும். ஆனால் கர்ப்பிணி என்றால் நான் லேசில் விடுவதில்லை.

அந்தப் பெண்ணையும் விடவில்லை. தி. நகரில் பாத்திரக் கடை வைத்திருக்கும் திருநெல்வேலிக் குடும்பத்தின் மருமகள். மழை தொடங்கும் முன்பே ஃப்ளூ தடுப்பூசி போட்டுக்கொள்ளச் சொன்னேன். தாய்க்கும் காப்பு, பிறக்கப்போகும் பிள்ளைக்கும் முதல் சில மாதங்கள் காப்பு என்று விளக்கினேன். அவள் தலையாட்டினாள். கூட வந்திருந்த மாமியார், வளைகாப்பு முடியட்டும், அப்புறம் பார்ப்போம் என்று எழுந்துவிட்டார். கெட்ட மனுஷி இல்லை. மருமகளை ஒரு குடம் தூக்க விடமாட்டார். ஆனால் தீபாவளிக் கூட்டத்தில் அவளைப் பில் போட உட்கார்த்தி வைத்திருந்தார். உட்கார்ந்து செய்கிற வேலைதானே என்ற நினைப்பு. வந்தவர்களில் பாதிப் பேர் அவள் முகத்துக்கு நேரே இருமியிருப்பார்கள்.

வளைகாப்புக்கு என்னையும் அழைத்தார்கள். நான் கணவரை இழந்தவள். வந்து சாப்பிட்டுப் போங்கள் என்று மாமியார் அழுத்திச் சொன்ன விதத்திலேயே, மேடைப் பக்கம் வர வேண்டாம் என்பதும் இருந்தது. போகாமல் இருந்திருக்கலாம். ஏன் போகாமல் இருக்க வேண்டும்? இருப்பதில் நல்ல பட்டுப்புடவையாகக் கட்டிக்கொண்டு போய், மண்டபத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன்.

ஊரிலிருந்து ரயிலேறி வந்த உறவுக்காரப் பெண்கள் ஒவ்வொருவராக மேடையேறி, அவள் கன்னத்திலும் கையிலும் சந்தனம் பூசி, வளையல் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அவள் சிரிக்கவில்லை. வெட்கம் என்று பக்கத்திலிருந்தவர் சொன்னார். எனக்கு அப்படித் தெரியவில்லை. பூசிய சந்தனம் ஈரம் நிற்காமல் வெளிறி, பொருக்காக உதிர்ந்துகொண்டிருந்தது. யாரோ கேட்ட கேள்விக்கு ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாமல் இரண்டு தரம் மூச்சு வாங்கினாள். அவள் தோள் ஏறி இறங்கிய வேகத்தைப் பார்த்ததும் நான் எழுந்துவிட்டேன்.

மேடைப் படியில் மாப்பிள்ளையின் பெரியம்மா குறுக்கே வந்து நின்றார்.

"டாக்டரம்மா, தப்பா நினைக்காதீங்க. இன்னைக்கு நீங்க அவளைத் தொட வேண்டாம்."

மண்டபமே எங்களைப் பார்த்தது. எனக்கு உச்சந்தலை வரை சூடேறியது.

"ஒடம்புக்கு வந்தா இந்தக் கையைத்தான் ராசியான கைன்னு தேடி வர்றீங்க. இன்னைக்கு மட்டும் இது வேற கையா?"

பதிலுக்குக் காத்திருக்காமல் மேலே போய் அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். கொதித்தது. நாடி வேகமாக ஓடிக்கொண்டிருந்தது. கைப்பையில் எப்போதும் கிடக்கும் ஆக்ஸிமீட்டரை விரலில் மாட்டினால், ரத்தத்தில் ஆக்ஸிஜன் கர்ப்பிணிக்கு இருக்க வேண்டிய அளவுக்குக் கீழே என்று காட்டியது. முந்தின நாளே காய்ச்சல் கண்டதாம். இத்தனை பேர் ஊரிலிருந்து வந்துவிட்டார்கள், தேதியை மாற்ற முடியாது, சாயங்காலம் டாக்டரிடம் காட்டிக்கொள்ளலாம் என்று மறைத்திருக்கிறார்கள். அந்த டாக்டரான நான் கடைசி வரிசையில் பன்னீர்ச் செம்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

இன்னும் சில பேர்தான் பாக்கி, போட்டு முடித்துவிடட்டும் என்று மாமியார் கெஞ்சினார். பாதியில் எழுப்புவது ஆகாது என்றார்.

"முடிக்கிறதுக்கு அவ மூச்சு விடணும்மா," என்று சொல்லி அவளை எழுப்பினேன்.

ஆஸ்பத்திரியில் எனக்குத் தெரிந்த டாக்டர் பணியில் இருந்தார். ஃப்ளூவாகத்தான் இருக்கும், பரிசோதனை முடிவுக்குக் காத்திருக்காமல் மாத்திரையைத் தொடங்கிவிடலாம் என்றேன். அவரும் அதையே நினைத்திருந்தார். இந்த மருந்தை எவ்வளவு சீக்கிரம் கொடுக்கிறோமோ அவ்வளவு நல்லது. மாமியார் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். மாசமாக இருக்கிறவளுக்கு மாத்திரையா, வயிற்றுப் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடாதா என்று கேட்டார். மாத்திரையை விடக் காய்ச்சல்தான் பிள்ளைக்கு ஆபத்து என்றேன். நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே அந்தப் பெண் ஆக்ஸிஜன் முகமூடியைத் தூக்கிவிட்டு, வளையல்கள் அடுக்கிய கையை நர்ஸிடம் நீட்டி, மாத்திரையை வாங்கி விழுங்கினாள். எங்கள் யாரிடமும் அவள் அனுமதி கேட்கவில்லை.

பரிசோதனையில் ஃப்ளூ என்றே வந்தது. சில நாள் கவலையாகத்தான் இருந்தது. பிறகு மூச்சு சீரானது, காய்ச்சல் விட்டது. அதற்குள் பெரியம்மாவும் படுத்துவிட்டார். அவருக்கு நாடி பார்த்ததும் இந்தக் கைதான். அப்போது தொட வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை.

உறவில் சிலர் என்னைப் பேசினார்கள். நல்ல காரியத்தைப் பாதியில் கலைத்தவள் என்றார்கள். என் காதுக்கும் வந்தது. கலைத்தேன்தான். நாளைக்கே வேறொரு மேடையில் ஒருத்தி அப்படி மூச்சு வாங்கினாலும் கலைப்பேன்.

எட்டாம் மாதம் மருமகளும் மாமியாரும் கிளினிக்குக்கு வந்தார்கள். நின்றுபோன வளைகாப்பை ஒன்பதாம் மாதத்தில் முடித்துவிட வேண்டும் என்று ஊரில் சொல்கிறார்களாம். நாள்கூடப் பார்த்தாகிவிட்டது. அதைச் சொல்லிவிட்டு, என்னை அழைப்பதா வேண்டாமா என்று தெரியாமல் மாமியார் தரையைப் பார்த்தார். நான் அவள் வயிற்றில் டாப்ளர் கருவியை வைத்து, பிள்ளையின் இதயத் துடிப்பைத் தேடிக்கொண்டிருந்தேன்.

படுத்தபடியே அவள் சொன்னாள்: "அது ஒண்ணும் பாதியில நிக்கல அத்தை. கடைசியா டாக்டரம்மா வந்து என் கையைப் பிடிச்சாங்க. அதோட நல்லபடியா முடிஞ்சுது."

துடிப்பு கிடைத்தது, ஒழுங்காக, வேகமாக அடித்தது. கருவியின் சத்தத்தை முழுக்கக் கூட்டி வைத்தேன். வெளியே பெஞ்சில் இருந்தவர்களுக்கும் கேட்டிருக்கும்.