எக்ஸ்ரே அறைக்காகக் கட்டிய கயிறு

அந்தக் காலத்தில் கல்யாணமான பெண்கள் தாலிச் சங்கிலியில் நாலைந்து ஊக்காவது கோத்து வைத்திருப்பார்கள். ரவிக்கை கிழிந்தால், காலில் முள் ஏறினால், எல்லாவற்றுக்கும் அதுதான். நெஞ்சைப் படம் எடுக்கும்போது அத்தனை ஊக்கும் வெள்ளை வெளேரென்று விழுந்துவிடும். பின்னால் இருக்கும் நோய் தெரியாது. எனக்கு எக்ஸ்ரே வேலை கிடைத்ததும் அந்த ஊக்குகளால்தான், போக இருந்ததும் அவற்றால்தான்.

அதற்கு முன்னால் குரோம்பேட்டைப் பக்கம் ஒரு தோல் கம்பெனியில் இருந்தேன். காயப்போட்ட தோலைத் திருப்பிப் போடும் வேலை. என் வீட்டுக்காரரும் அங்கேதான் இருந்தார். அவர் காய்ச்சலில் போன பிறகும் எட்டு வருஷம் அதே வெயிலில் நின்றேன். குழந்தை இல்லை. கூட வேலை செய்தவள் ஒருத்திக்கு இருமல் நிற்காமல், தாம்பரத்தில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். எக்ஸ்ரே எடுப்பவர் தடுப்புக்கு அந்தப்புறம் நின்று, "சங்கிலியக் கழட்டுங்கம்மா, கழட்டுங்கம்மா" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். அவள் வெட்கப்பட்டு நின்றாள். நான் கையை நீட்டினேன், கழற்றிக் கொடுத்துவிட்டாள்.

"அக்கா, நீங்க இங்க வேலைக்கு வரீங்களா?" என்றார் அவர். என்னைவிட ஐந்தாறு வயது சின்னவர். "நான் சொன்னா பொம்பளைங்க கேக்க மாட்டேங்கறாங்க. கூட இருந்தே தொழிலையும் கத்துக்கலாம். மூணு மாசம் டாக்டர் பாப்பார். சரின்னா நிரந்தரம்."

அவள் எனக்குத் தெரிந்தவள் என்பதால் கொடுத்தாள். அதை அவரும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. கம்பெனியில் சொல்லிவிட்டு வந்தேன். மறுநாளே என் இடத்தில் வேறு ஒருத்தி நின்றாள்.

இருட்டறை வேலை எனக்குச் சீக்கிரம் பிடிபட்டது. ஐந்தாம் வகுப்புப் படிப்பு அங்கே போதும். படத்தாளைச் சட்டத்தில் மாட்டி மருந்துத் தண்ணீரில் இறக்கி, பதினாறாம் வாய்ப்பாட்டை நிதானமாக எத்தனை தடவை சொன்னால் சரியாக வரும் என்று கண்டுபிடித்து வைத்திருந்தேன். சிவப்பு விளக்கில் யாருடைய விலா எலும்போ மெல்லத் தெரியும். யாரிடமாவது காட்டலாம்போல் இருக்கும். எக்ஸ்ரே எடுக்கும் சார் வெளியே அடுத்த ஆளை நிற்கவைத்துக்கொண்டிருப்பார். வீட்டுக்குப் போனாலும் சொல்ல ஆளில்லை.

இரண்டாவது மாதம் முடிச்சூரிலிருந்து ஒரு மாமியாரும் மருமகளும் வந்தார்கள். மருமகளுக்குத்தான் படம். நான் கையை நீட்டியதும் மாமியார் நடுவில் வந்து நின்றாள்.

"கழுத்தப் பாத்தாலே தெரியுது. உன் கைல இன்னாத்துக்குமா குடுக்கணும்?"

மருமகள் தலையைக் குனிந்துகொண்டாள். சங்கிலியோடுதான் படம் எடுத்தோம். பார்க்க வேண்டிய இடத்திலேயே மூன்று ஊக்கு விழுந்திருந்தது. மறுபடி வரச் சொல்லி அனுப்பினார்கள். அந்த வாரத்தில் அப்படி இன்னும் இரண்டு படம் வீண்.

"அக்கா, டாக்டர் கேக்கறார்" என்றார் சார். அதற்கு மேல் சொல்ல அவருக்கும் சங்கடம். "இதுக்காகத்தான் உங்கள வெச்சதே."

அன்று சாயங்காலம் கடைத்தெருவில் மஞ்சள் கயிறும் அதில் கோக்க ஒரு விரலி மஞ்சளும் வாங்கினேன். மறுநாள் தாம்பரம் ஸ்டேஷனில் இறங்கி, பெண்கள் உட்காரும் அறையில் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று கட்டிக்கொண்டேன். இரண்டு முடிச்சு போட்டேன். மூன்றாவதைப் போடக் கை வரவில்லை.

அதற்குப் பிறகு யாரும் மறுக்கவில்லை. கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார்கள். சிலர் பேச்சும் கொடுத்தார்கள்.

"உங்க வூட்டுக்காரர் இன்னா பண்றார்?"

"தோல் கம்பெனில."

பேசினால் இன்னும் சொல்ல வேண்டிவரும் என்று வாயைத் திறப்பதையே விட்டுவிட்டேன். சாயங்காலம் ஸ்டேஷனில் அவிழ்த்து முந்தானையில் முடிந்துகொள்வேன். சார் ஒரு நாளும் கேட்கவில்லை. பார்க்காமல் இருந்திருக்க முடியாது.

மூன்றாம் மாதக் கடைசியில் அந்த முடிச்சூர் மாமியார் மருமகளோடு மறுபடி வந்தாள். என் கழுத்தையே பார்த்தாள்.

"இன்னாம்மா, போன தபா வெறுங்கழுத்தா இருந்தே. இப்ப கட்டிக்கினியா?"

பெஞ்சில் இருந்த பெண்கள் எல்லாம் திரும்பினார்கள். வாசலில் சார் நின்றிருந்தார். ஆமாம் என்று தலையாட்டியிருந்தால் வேலை பிழைத்திருக்கும். ஆனால் ஆமாம் என்றால் யாரை என்று கேட்பாள். எனக்கு என் வீட்டுக்காரர் முகம்தான் வந்தது.

"இல்லம்மா. இந்த வேலைக்காகக் கட்டினேன்."

கழற்றினேன். இரண்டே முடிச்சு, உடனே வந்துவிட்டது.

"இதுல கூடவா பொய் சொல்வாங்க?" என்றாள் பெரியவள்.

நான் இருட்டறைப் பக்கம் திரும்பினேன். அப்போது மருமகள், "அத்தே, நேரமாவுது. இன்னொரு தபா என்னால வர முடியாது" என்றாள். தானே சங்கிலியைக் கழற்றி, சுவரில் அங்கி மாட்டும் ஆணியில் தொங்கவிட்டாள். "யார் கைலயும் குடுக்கல. ஆணிலதான் கீது. வேணும்னா நீ காவலுக்கு உக்காந்துக்கோ."

பெரியவள் நிஜமாகவே ஆணிக்குக் கீழே போய் உட்கார்ந்துகொண்டாள். பெஞ்சில் யாரோ சிரித்தார்கள்.

படம் சுத்தமாக வந்தது. ஒரு ஊக்கு இல்லை. ஈரப்படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு சார், "இன்னும் நாலு ஆணி அடிச்சிடலாம், அக்கா" என்றார். அதோடு சரி. அடுத்த மாதம் நிரந்தரம் ஆனேன். பிறகு கை கால் படங்களை நானே எடுத்தேன், அப்புறம் நெஞ்சுப் படமும்.

பெண்கள் சங்கிலியை ஆணியில் மாட்டிவிட்டு வரும்வரை சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். மாட்டியாச்சு என்று சொன்ன பிறகுதான் திரும்புவேன். அந்த அறையில் எத்தனையோ வருஷம் இருந்தேன். கையை மட்டும் யாரிடமும் நீட்டவில்லை.